மூன்று நாள் காகிதங்கள்

1972ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பர்லிங்கேம் என்னும் ஊர். அங்கே ஒரு ஹோட்டலில், மேக்னவாக்ஸ் என்னும் தொலைக்காட்சிப் பெட்டிக் கம்பெனி தன் புதிய சரக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்றின் பெயர் 'ஒடிஸ்ஸி'. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து வீட்டிலேயே விளையாடுவதற்காக விற்பனைக்கு வந்த முதல் விடியோ விளையாட்டுக் கருவி அதுதான். பார்க்க வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டார்கள். நோலன் புஷ்னெல் என்ற இளம் பொறியாளரும் தம் பெயரை எழுதினார்.

அடுத்த மாதமே புஷ்னெல் தம் நண்பருடன் சேர்ந்து 'அடாரி' என்னும் கம்பெனியைப் பதிவு செய்தார். அவ்வாண்டு இறுதியில் அடாரியின் 'பாங்' விளையாட்டு வெளிவந்தது. திரையில் இரண்டு மட்டைகள், ஒரு பந்து. ஏறத்தாழ மேசைப் பந்தாட்டம். நாடெங்கும் அது பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒடிஸ்ஸியிலும் மேசைப் பந்தாட்டம் இருந்தது அல்லவா? 1974இல் மேக்னவாக்ஸ் வழக்குத் தொடர்ந்தது. "உங்கள் ஆள் எங்கள் கருவியை முன்பே பார்த்திருக்கிறார்" என்பதற்கு அதன் கையில் இருந்த சாட்சி, அந்த வருகைப் பதிவேடு! 1976இல் அடாரி சமரசத்துக்கு வந்து, உரிமக் கட்டணம் செலுத்த ஒப்புக்கொண்டது.

அந்தப் பதிவேட்டை வாங்கி வைத்தவர் யாரோ, வரலாற்றை மனத்தில் கொண்டு வைத்திருக்கமாட்டார். வந்துபோன கடைக்காரர்களின் பெயர் தெரிந்தால் பின்னால் சரக்கு விற்கலாம். அவ்வளவே அவருடைய கணக்கு. மூன்று நாள் பயன்பட்டுக் குப்பைக்குப் போகவேண்டிய காகிதம் ஒரு தொழிலின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதில் பங்கு கொண்டது. இத்தகைய மூன்று நாள் காகிதங்களைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றும் வேலை இப்போது பல இடங்களில் நடக்கிறது. அதில் வேதியியல் இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது.

கடைக்காரர்களுக்கான திருவிழா

வணிகக் கண்காட்சி என்பது நாம் ராட்டினம் சுற்றப் போகும் பொருட்காட்சி போன்றதன்று. அது கடைக்காரர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் ஆனது. பொதுமக்களுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. அமெரிக்காவின் நுகர்வோர் மின்னணுப் பொருட்காட்சி 1967இல் நியூயார்க்கில் தொடங்கியது. 1980களில் அது ஆண்டுக்கு இருமுறை நடந்தது; ஜனவரியில் லாஸ் வேகாஸிலும் ஜூனில் சிகாகோவிலும். விடியோ விளையாட்டுகள் அங்கே ஒரு மூலையில் இடம் பிடித்திருந்தன. பிறகு அத்தொழில் பெருத்துத் தனக்கென்றே ஒரு கண்காட்சியை அமைத்துக்கொண்டது. 1995ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முதலாகக் கூடிய அதன் பெயர் சுருக்கமாக 'ஈ-3'.

இக்கண்காட்சிகளுக்கு வருபவர் கை நிறையச் சுமந்து செல்வார். பளபளப்பான தாளில் அச்சிட்ட துண்டு வெளியீடுகள், விலைப்பட்டியல், அரங்குகளின் வரைபடம், அடையாள அட்டை. பத்திரிகையாளர் என்றால் தனிக் கோப்பு ஒன்று உண்டு. அதில் செய்தி அறிக்கை, திரைக் காட்சிகளின் வண்ண ஸ்லைடுகள், தொலைக்காட்சி நிலையங்களுக்கான விடியோ நாடா எல்லாம் இருக்கும். பின்னாளில் நாடாவுக்குப் பதிலாகக் குறுந்தகடு வந்தது. செய்தி எழுதி முடித்ததும் அந்தக் கோப்பு அலமாரிக்குப் போகும். அலுவலகம் இடம் மாறும்போது அலமாரி காலியாகும். அவ்வளவுதான்.

விளையாட்டுதான் கடையில் கிடைக்கிறதே, அதன் விளம்பரத் தாளை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? இந்தக் கேள்வி உங்கள் மனத்தில் எழலாம். விளையாட்டே கடையில் கிடைப்பதில்லை என்பது முதல் விடை. விடியோ விளையாட்டு வரலாற்று அறநிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. இரண்டாவது விடை இன்னும் சுவையானது. அதற்கு நாம் லாஸ் வேகாஸ் செல்லவேண்டும்.

வராமலே போன இயந்திரம்

1983இல் அமெரிக்காவில் விடியோ விளையாட்டு வணிகம் தலைகுப்புற விழுந்தது. கடைகளில் மட்டமான விளையாட்டுகள் குவிந்து, விலை போகாமல் கிடந்தன. இனி இந்த வியாபாரமே வேண்டாம் என்று கடைக்காரர்கள் கையை உதறியிருந்த நேரம். 1985 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்தது. பெயர், 'மேம்பட்ட விடியோ அமைப்பு'. கம்பியில்லாமல் அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் கைப்பிடிகள், கணிப்பொறிக்கு இருப்பதுபோன்ற விசைப்பலகை, தகவலைப் பதிந்துவைக்க காசெட் பெட்டி, பியானோ போன்ற இசைப்பலகை. விளையாட்டுக் கருவி என்ற பெயரைச் சொன்னாலே கடைக்காரர் ஓடுவார் என்பதால் கணிப்பொறி வேடம்!

வேடம் பலிக்கவில்லை. கடைக்காரர்கள் வாங்க முன்வரவில்லை. அவ்வாண்டு ஜூனில் சிகாகோவில் நின்டெண்டோ வேறு வேடத்துடன் வந்தது. விசைப்பலகை போயிற்று, காசெட் போயிற்று, கைப்பிடிகளுக்குக் கம்பி வந்தது. கூடவே ஒரு பொம்மை ரோபாட்டும் வந்தது. 'நின்டெண்டோ எண்டர்டெய்ன்மெண்ட் சிஸ்டம்' என்ற புதுப்பெயருடன் அக்டோபரில் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்த அந்தக் கருவிதான், ஜப்பானில் விற்ற அதன் மூலக் கருவியையும் சேர்த்து, பின்னர் உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்றது.

ஜனவரி இயந்திரம் ஒருநாளும் கடைக்கு வரவில்லை. அதன் மாதிரி ஒன்றை நின்டெண்டோ பின்னாளில் நியூயார்க்கிலுள்ள தன் கடையில் காட்சிக்கு வைத்தது. ஆனால் இயந்திரத்தைப் பார்த்தால் அது எப்படி இருந்தது என்று தெரியுமே தவிர, அதைக் கடைக்காரரிடம் என்ன சொல்லி விற்கப் பார்த்தார்கள் என்று தெரியாது. அதை அன்று வழங்கிய விளம்பரத் தாள்தான் சொல்லும். ஐந்து மாதத்தில் ஒரு கம்பெனி தன் எண்ணத்தை எப்படி மாற்றிக்கொண்டது என்பதற்கு, அந்த ஜனவரித் தாளையும் ஜூன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைக் காட்டிலும் தெளிவான சான்று ஏது?

இன்னொன்று. சேகா கம்பெனி தன் 'சாட்டர்ன்' கருவி 1995 செப்டம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவில் வெளிவரும் என்று அறிவித்திருந்தது. மே மாதம் ஈ-3 மேடையில் அதே கம்பெனி, "இன்றே சில கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர்" என்று திடீரென்று அறிவித்தது. அன்றே சோனி கம்பெனியின் அதிகாரி மேடையேறித் தம் 'பிளேஸ்டேஷன்' கருவியின் விலையாக "299" என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். கைதட்டல் பிளந்தது. செப்டம்பர் தேதியைத் தாங்கிய பழைய அறிவிப்புத் தாள்கள் அந்த நிமிடமே செல்லாக் காசாயின. நமக்கோ அவை செல்லாக் காசானதால்தான் விலைமதிப்புப் பெறுகின்றன. அவசர முடிவு எவ்வளவு அவசரமானது என்பதை வேறு எது காட்டும்?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். விளம்பரத் தாள் அரிச்சந்திரன் அன்று. 2005ஆம் ஆண்டு ஈ-3இல் 'கில்சோன் 2' என்னும் விளையாட்டின் காட்சி ஒன்றைச் சோனி திரையிட்டது. பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். அது விளையாட்டிலிருந்து எடுத்த படம் அன்று. முன்கூட்டியே வரைந்து தயாரித்த அசைபடம் என்பது பிறகு தெரிந்தது. விளையாட்டு வெளிவந்தது 2009இல்தான். ஆகவே இத்தகைய ஆவணம் 'இப்படி இருந்தது' என்பதற்குச் சாட்சியன்று. 'இப்படிச் சொன்னார்கள், இந்தத் தேதியில் சொன்னார்கள்' என்பதற்குத்தான் சாட்சி. இந்த வேறுபாட்டை மறக்கும் வரலாற்றாசிரியர் விளம்பரதாரரின் வலையில் விழுந்துவிடுவார்.

காகிதத்தின் எதிரிகள்

வீட்டு அலமாரியில் விரித்த பழைய செய்தித்தாள் ஏன் மஞ்சளாகி, தொட்டால் நொறுங்குகிறது? மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் உண்டு. ஒளியும் காற்றும் பட்டால் அது நிறம் மாறும். அமிலப் பொருள்களும் உண்டாகும். தாளின் உறுதிக்குக் காரணமான செல்லுலோஸ் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. அமிலம் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. சங்கிலி குறுகக் குறுகத் தாள் வலுவிழக்கிறது.

கண்காட்சித் தாள்களோ பெரும்பாலும் பளபளப்புத் தாள்கள். வெண்களிமண் போன்ற நுண்துகளைப் பசையில் குழைத்து மேலே பூசிய தாள் இது. மஞ்சளாவதில் இது சற்றுத் தேவலாம். ஆனால் நனைந்துவிட்டதோ, தொலைந்தது! பூச்சிலுள்ள பசை இளகி, காயும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் செங்கல்லாகிவிடும். பிரிக்க முயன்றால் எழுத்து எதிர்ப் பக்கத்தோடு போய்விடும். இதற்குக் காப்பாளர்கள் செய்யும் வைத்தியம் உங்களுக்கு வியப்பளிக்கலாம். நனைந்த தாளைக் காயவைப்பதில்லை. உடனே உறைய வைக்கிறார்கள்! பின்னர் வெற்றிட அறையில் வைத்தால், பனிக்கட்டி நீராகாமல் நேராக ஆவியாகிவிடும். பள்ளியில் கற்பூரத்தைக் கொண்டு படித்த பதங்கமாதல்தான். நீர் திரவ நிலைக்கே வராததால் பசை இளக வாய்ப்பில்லை.

மற்ற எதிரிகள் நாமே வைத்தவை. கம்பி ஊசியும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். ரப்பர் வளையம் உருகி ஒட்டும். எல்லாவற்றிலும் மோசம், 'பத்திரமாக இருக்கட்டும்' என்று நாம் போட்டுவைக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து கசியும் எண்ணெய் போன்ற பொருள் அச்சு மையைப் பெயர்த்துக்கொள்ளும். நாள்பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவும் வெளிவரும். காப்பகங்களில் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறைகளையே பயன்படுத்துகிறார்கள்.

வண்ண ஸ்லைடின் கதை வேறு. அதில் மஞ்சள், கருஞ்சிவப்பு, பசுநீலம் என்று மூன்று சாயப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. மூன்றும் ஒரே வேகத்தில் மங்கினால் தொல்லையில்லை. ஒன்று முந்திக்கொள்ளும்போது படம் முழுவதும் செக்கச் செவேல் என்று ஆகிவிடுகிறது. இருட்டில் வைத்தாலும் இந்த வினை நிற்பதில்லை; குளிரில் வைத்தால் மெதுவாகும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் பல வேதி வினைகளின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்ற பொது விதியை நினைவில் கொள்ளுங்கள். 30 டிகிரி அறையிலிருந்து 10 டிகிரி அறைக்கு மாற்றினால் ஆயுள் சுமார் நான்கு மடங்கு!

நமத்துப்போன நாடா

விடியோ நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின்மேல் காந்தத் துகள்களைப் பசையால் ஒட்டியது. படம் துகளில் இருக்கிறது. துகளின் உயிரோ பசையில் இருக்கிறது. 1970, 1980களில் தயாரான சில வகை நாடாக்களின் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. இதற்கு நீராற்பகுத்தல் என்று பெயர். மழைக்காலத்தில் பொரித்த அப்பளம் நமத்துப்போகும், நாடா பிசுபிசுத்துப்போகும். அப்படியே கருவியில் ஓட்டினால் பூச்சு உரிந்து, படிக்கும் முனையில் அப்பிக்கொள்ளும். ஒரே ஓட்டத்தில் நாடாவும் போய்ப் படமும் போய்விடும்.

இங்கும் ஒரு வேடிக்கையான வைத்தியம். நாடாவைச் சீரான வெப்பமுள்ள பெட்டியில், ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி செல்சியஸில், பல மணி நேரம் வைத்துச் 'சுடுகிறார்கள்'. ஈரம் வெளியேறிப் பசை தற்காலிகமாக இறுகுகிறது. சில வாரங்கள் தாங்கும். அதற்குள் படத்தைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா நாடாவுக்கும் இது ஏற்றதன்று. எந்த நாடாவைச் சுடலாம் என்று தெரிந்தவர்தான் செய்யவேண்டும். வீட்டு அடுப்பில் சோதித்துப் பார்த்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டக் கருவி வேண்டுமே! வீட்டு விடியோ பதிவுக் கருவிகளை உற்பத்தி செய்துவந்த கடைசிக் கம்பெனியும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்திய பெரிய கருவிகளின் கதி அதைவிட மோசம். பழைய கருவிகளின் உதிரிப் பாகங்களைச் சேர்த்து வைப்பதும் காப்பாளர் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

பத்துக் கோடி எண்கள்

பழுதாகும் முன் எல்லாவற்றையும் கணிப்பொறியில் ஏற்றிவிடுவது இன்றைய முறை. ஒரு பக்கத்தை ஏற்றினால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏ-4 தாளின் அளவு 8.27 அங்குலம், 11.69 அங்குலம். ஒரு அங்குலத்தை 600 புள்ளிகளாகப் பிரித்து வருடினால், ஒரு வரிசைக்கு 4,962 புள்ளிகள், மொத்தம் 7,014 வரிசைகள். பெருக்கினால் சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஆக, பத்துக் கோடிக்கு மேற்பட்ட எண்கள். ஏறத்தாழ 104 மெகாபைட். ஒரு பக்கத்துக்கே இவ்வளவு! இடத்தை மிச்சம் பிடிக்கச் சுருக்கும் முறைகள் உண்டு. ஆனால் 'ஜேபெக்' போன்ற முறைகள் கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் நுட்பங்களை வெட்டி எறிந்துவிடும். ஆகவே மூலப் பிரதியை எதையும் இழக்காத 'டிஃப்' போன்ற வடிவில் வைத்துக்கொண்டு, படிப்பவர்களுக்குச் சிறிய பிரதியைக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? அச்சிட்ட வண்ணப் படத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். அது சிறு சிறு மைப் புள்ளிகளால் ஆனது. வருடும் கருவியும் புள்ளி புள்ளியாகவே பார்க்கிறது. இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அலை அலையாக ஒரு தோற்றம் தெரியுமே, அதுபோல இரு புள்ளி வரிசைகளும் மோதிப் படத்தில் இல்லாத அலைகளை உண்டாக்கும். புள்ளியைவிடப் போதிய அளவு நுட்பமாக வருடினால் இந்தத் தொல்லை மட்டுப்படும்.

ஏற்றிய கோப்பு பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் மாறாமல் இருக்கிறதா என்று எப்படி அறிவது? பலசரக்குக் கடைப் பட்டியலில் ஓர் எண் மாறினால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும். ஆனால் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் கூட்டுத்தொகை ஏமாந்துவிடும். அப்படி ஏமாறாத கணக்கு முறைகளை வகுத்திருக்கிறார்கள். எஸ்.எச்.ஏ.-256 என்பது அவற்றுள் ஒன்று. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதிலிருந்து 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டுத் தரும். பத்துக் கோடி எண்களில் ஒன்றே ஒன்று மாறினாலும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். ஒரே கோப்பை மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்து, அவ்வப்போது இந்த அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒரு சாதாரணக் குறிப்பு. எந்தக் கண்காட்சி, எந்தத் தேதி, யாரிடமிருந்து வந்தது, எந்தக் கோப்பில் எதற்கு அடுத்து இருந்தது? இவை எழுதப்படாத தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் படம்தான். ஜனவரியா ஜூனா என்று தெரியாவிட்டால் நின்டெண்டோ கதையை நாம் சொல்லியிருக்க முடியுமா?

காப்பவர்களும் காணாமற்போனவையும்

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உள்ள 'ஸ்ட்ராங்' விளையாட்டு அருங்காட்சியகம் இத்தகைய ஆவணங்களுக்குத் தனி நூலகமே வைத்திருக்கிறது. ஒடிஸ்ஸியின் மூலக் கருத்தைத் தந்த ரால்ஃப் பேயர் தம் சோதனைக் கருவிகளையும் குறிப்புகளையும் 2006இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கினார். ஃபிராங்க் சிஃபால்டி 2017இல் தொடங்கியதுதான் முன்பு நாம் சொன்ன விடியோ விளையாட்டு வரலாற்று அறநிறுவனம். அது 2025 ஜனவரியில் திறந்த மின்னணு நூலகத்தில் 1,500க்கு மேற்பட்ட பழைய இதழ்களையும், பத்திரிகையாளர் கோப்புகளையும், விளம்பரப் பொருள்களையும் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே புரட்டலாம். சொல்லைக் கொடுத்துத் தேடலாம்.

வேடிக்கை என்னவென்றால், 1985ஆம் ஆண்டுத் தாளைவிட 2005ஆம் ஆண்டுச் செய்திதான் இன்று கிடைப்பதற்கு அரிதாகி வருகிறது. தாள் குறைந்தபட்சம் யாருடைய பரணிலாவது கிடக்கும். பின்னர் வந்த விளம்பரப் பொருள்கள் கடவுச்சொல் போட்ட வலைத்தளங்களில் இருந்தன. தளத்தை மூடியதும் பரணும் இல்லை, தாளும் இல்லை. 1991 முதல் வெளிவந்த 'கேம் இன்ஃபார்மர்' இதழை 2024 ஆகஸ்டில் அதன் உரிமையாளர்கள் மூடியபோது வலைத்தளத்திலிருந்த கட்டுரைகளெல்லாம் அன்றே மறைந்தன. 2025இல் இதழ் மீண்டும் உயிர் பெற்றது. எல்லாருக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை. ஈ-3 கண்காட்சியே 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது.

செய்து பாருங்கள்

செய்தித்தாளிலிருந்தும் ஒரு பளபளப்பான விளம்பரத் தாளிலிருந்தும் ஒரே அளவில் இரண்டிரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டை வெயில் படும் சன்னலிலும், மற்றதை மேசை இழுப்பறையிலும் வையுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கறுப்புக் காகிதத்தை நீக்கி நான்கையும் ஒப்பிடுங்கள். பிறகு ஓரத்தை ஒருமுறை மடித்து நீட்டி, எது முதலில் கிழிகிறது என்று பாருங்கள். துண்டுகளைக் கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் பின்புறமும் இடத்தையும் தேதியையும் எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மையும் மங்கும்.